அடியில் இருந்த பெயர்

தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கல் இன்னும் சரியாகக் காயவில்லை. முதல் தோசை எப்படியும் பிய்ந்துதான் வரும். தெரிந்தேதான் ஊற்ற வேண்டும். முதல் தோசையை ஊற்றாமல் இரண்டாவது தோசைக்குப் போக முடியாது.

இந்தக் கல்லைத் தேய்க்கும்போதெல்லாம் நல்லபெருமாள் சார் நினைப்பு வந்துவிடுகிறது.

பாளையங்கோட்டையில் ஒரு சந்து. அதில் ஒரு மாடி வீடு. கீழே நானும் வீட்டுக்காரரும் அத்தையும் கைப்பிள்ளையுமாகக் குடியிருக்கிறோம். மாடியில் ரஹமத்நிஷா டீச்சர் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தருகிற வேலை நடத்துகிறார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. வயது முப்பத்தைந்துதான். ஆனாலும் எல்லாருக்கும் அவர்கள் டீச்சர். மாடியின் ஓரத்தில் அடுப்பு வைத்து, அங்கே வேலை பார்ப்பவர்களுக்குப் பதினோரு மணிக்குத் தோசை சுட்டுக் கொடுப்பது என் வேலை.

நல்லபெருமாள் சாருக்கு அறுபத்திரண்டு. காலேஜ் லைப்ரரியில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு நாள் படியேறி வந்து, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தன் மகள் வயதுள்ள டீச்சர் முன்னால் நின்றார்.

"எனக்குச் சொல்லித் தாங்க டீச்சர்" என்றார்.

சாருக்கு ஓர் ஆசை இருந்தது. தாமிரபரணிக் கரை ஊர்களைப் பற்றி யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. எழுதியவர் பெயர், தலைப்பு, வந்த வருஷம். அது பட்டியலாக, ஒரு புத்தகமாக வர வேண்டும். அந்தப் பட்டியலைக் கோத்துத் தருகிற புரோகிராமும் தன் கையால் எழுதியதாக இருக்க வேண்டும்.

புரோகிராமில் முக்கால்வாசியை டீச்சர் முன்பே செய்து வைத்திருந்தார்கள். அது ஒவ்வொரு குறிப்பாகப் படிக்கும். படித்ததை ஓர் அடுக்கில் வைக்கும். எடுத்துக் கொடுத்தால் அச்சடிக்கும். பெயரை அடுக்கிலிருந்து எடுத்து, அச்சுக்குத் தக்கபடி வெட்டிச் சுருக்கித் தருகிற பகுதி மட்டும் அதில் இல்லை. அதைச் சார் எழுத வேண்டும்.

"அடுக்குன்னா என்ன டீச்சர்?" என்று முதல் நாள் சார் கேட்டார்.

டீச்சர் பதில் சொல்லாமல் எழுந்து என் அடுப்புப் பக்கம் வந்தார்கள். சுட்டு வைத்திருந்த தோசைகளைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போய்ச் சார் முன்னால் வைத்தார்கள்.

"முதல்ல சுட்டது எங்க இருக்கு சார்?"

"அடியில."

"கடைசியில சுட்டது?"

"மேல."

"எடுத்துச் சாப்பிடுங்க."

சார் மேலே இருந்ததை எடுத்தார்.

"அவ்வளவுதான் இன்னைக்குப் பாடம்" என்றார்கள் டீச்சர்.

அதற்குப் பிறகு நாற்பது நாள் சார் எழுதினார். "ஃபங்ஷன் எழுதுதேன், ஃபங்ஷன் எழுதுதேன்" என்பார். யார் வீட்டிலோ கல்யாணம் என்று நான் நினைத்திருந்தேன். புரோகிராமில் ஒரு வேலையை மட்டும் செய்கிற துண்டுக்கு அப்படிப் பெயர் என்று டீச்சர்தான் சொன்னார்கள்.

நாற்பத்தோராம் நாள் பட்டியலை அச்சடித்துக் கொண்டுவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை புத்தக வெளியீடு. அதே மேடையில் சாருக்குப் பாராட்டு. நோட்டீசும் அடித்தாகிவிட்டது.

டீச்சர் ஒரு வரியில் விரலை வைத்தார்கள்.

"கு. நல்லபெருமாள். இது யாரு சார்?"

"என் வீட்டுக்காரி. குழல்வாய்மொழி நல்லபெருமாள். அவளும் ஏழு கட்டுரை எழுதியிருக்கா."

"பேரு எங்க?"

"இருக்கே. கு."

"உங்க பேரு?"

சார் தன் வரியைக் காட்டினார். தி. நல்லபெருமாள்.

"எல்லாருக்கும் ஒரே விதிதான் டீச்சர். கடைசி வார்த்தை முழுசா நிக்கும். முன்னால உள்ளது ஓரெழுத்தா ஆயிரும். ஆம்பளை பொம்பளைன்னு பாக்கவே இல்ல. வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் போடுதாங்க."

டீச்சர் என்னைக் கூப்பிட்டார்கள்.

"மாடத்தி, ரேஷன் கார்டுல உன் பேரு எப்படி இருக்கு?"

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "மாடத்தி சுடலைமுத்து" என்றேன்.

"உங்க விதியில போடுங்க சார்."

சார் தட்டினார். மா. சுடலைமுத்து என்று வந்தது. திரையை எட்டிப் பார்த்தேன்.

"ஐயோ, இது எங்க வீட்டுக்காரர்லா!"

வாய் தவறி வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார்.

பக்கத்து மேசையில் இருந்த லூர்து அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "நமக்கு அப்பா பேரு முன்னால வருது. அது வெட்டுப்பட்டா நமக்கென்ன? அவங்களுக்குப் புருஷன் பேரு பின்னால வருது. சார் எழுதின ஃபங்ஷன் நம்ம வீட்டு ஃபங்ஷன் மாதிரியேதான் இருக்கு. ஆம்பளை பந்தியில, பொம்பளை அடுப்படியில."

சாருக்குச் சுருக்கென்றது. ஆனால் நல்ல மனுஷன். உட்கார்ந்து, பட்டியலில் இருந்த நாற்பத்தொரு பெண்களுக்கும் தனித்தனியாக அடையாளம் போட்டார். இரண்டு நாள் ஆனது. இப்போது பெண்களின் பெயரெல்லாம் முழுசாக நின்றது.

"வீட்டுல காட்டினேன் டீச்சர். பாத்தியா, உன் பேரு முழுசா வந்திருக்குன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"இவ்வளவுதானான்னு கேட்டா. அவ எப்பவுமே அப்படித்தான். எதுலயும் திருப்தி கிடையாது."

டீச்சர் திரைப் பக்கம் திரும்பினார்கள்.

இன்னொன்றும் இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டும் அச்சாகி முடிந்ததும், திரையின் அடியில் ஒரு வரி வரும். அடுக்கு காலியாகவில்லை, ஒன்று மிச்சம்.

"இது என்ன டீச்சர், தீயல் கொழம்பு சட்டியில அடிப்பிடிச்ச மாதிரி வந்துக்கிட்டே இருக்கு?"

"எது மிச்சமா இருக்கு?"

"தெரியல. பட்டியல்தான் சரியா வந்திருச்சே. எதையோ ஒண்ணை எடுக்காம விட்டிருக்கு. கடைசியில 'எறி'ன்னு ஒரு சொல் போட்டா, அது பாட்டுக்கு எடுத்து எறிஞ்சிரும். எச்சரிக்கையும் வராது. போட்டுரட்டுமா?"

"எது மிச்சமா இருக்குன்னு பாத்தீங்களா?"

"எதுவா இருந்தா என்ன டீச்சர்? அச்சுல வந்தாத்தானே கணக்கு."

டீச்சர் என் பக்கம் திரும்பினார்கள்.

"மாடத்தி, இன்னைக்குச் சாருக்கு அடியிலிருந்து எடுத்துக் குடு."

எனக்குக் கை வரவில்லை. அடியில் இருந்தது முதல் தோசை. கல் காயாதபோது ஊற்றியது. ஓரம் பிய்ந்து, நடுவில் மாவு வேகாமல், வெள்ளையாக இருக்கும். மேலே உள்ள தோசையின் ஆவியெல்லாம் இறங்கி நமத்துப் போயிருக்கும்.

"வேண்டாம் டீச்சர், அது நல்லா இருக்காது."

"குடு."

கொடுத்தேன். சார் ஒரு வாய் வைத்தார். மென்றார். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"இதை யாரு சாப்பிடுவா?"

"நான்தான் சார்."

"தினமுமா?"

"ஆமா சார். முதல் தோசை எப்பவும் அப்படித்தான் வரும். உங்களுக்கு எப்படி வைக்கிறது?"

சார் மாடிக்கு வந்து ஒன்றரை மாசம் ஆகியிருந்தது. அடித் தோசை இப்படித்தான் இருக்கும் என்பதும், அது யார் வயிற்றுக்குப் போகிறது என்பதும் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மிச்சத்தை வைத்துவிட்டுக் கை கழுவினார். போய் உட்கார்ந்தார். எறி என்று போடாமல், எடுத்துக் காட்டு என்று போட்டார்.

திரையில் ஒரே ஒரு வார்த்தை வந்தது.

குழல்வாய்மொழி.

சாரின் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது. லூர்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "அம்மா பேருல்லா சார் இது? எதுல மிச்சம்?" என்று கேட்டார்.

டீச்சர் தேடிக் கண்டுபிடித்தார்கள். நூற்று நாற்பத்தேழாவது குறிப்பு. பீடி சுற்றும் பெண்கள் போடும் விடுகதைகள். ஒரு பழைய மாதப் பத்திரிகையில் வந்தது. அந்தக் குறிப்பில் எழுதியவர் இரண்டு பேர். முதலில் குழல்வாய்மொழி. அப்புறம் நல்லபெருமாள்.

புரோகிராம் இரண்டு பெயரையும் ஒழுங்காக அடுக்கில் வைத்திருக்கிறது. முதல் பெயர் அடியில். இரண்டாவது பெயர் மேலே. சார் எழுதிய துண்டு ஒரு பெயரை மட்டும்தான் எடுக்கும். மேலே இருந்த நல்லபெருமாளை எடுத்து அச்சடித்துவிட்டு, அது பாட்டுக்கு அடுத்த குறிப்புக்குப் போய்விட்டது. அதற்கு மேலே நூற்று அறுபத்தைந்து குறிப்பு ஏறி இறங்கியிருக்கிறது. அந்தப் பெயர் அடியிலேயே கிடந்திருக்கிறது.

"ரெண்டு பேரு சேந்து எழுதினது என் பட்டியல்லயே கிடையாது டீச்சர். அதான் நான் ஒரு பேருக்கு மட்டும் எழுதினேன்."

"இது இருக்கே சார்."

"அது..."

"குறிப்பெல்லாம் யாரு டைப் அடிச்சா?"

"அவதான். எனக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. பழைய பத்திரிகை எல்லாத்தையும் பாத்து அவதான் வீட்டுல உக்காந்து அடிச்சுக் குடுத்தா."

"பத்திரிகையில எப்படி இருந்துச்சோ அப்படியே அடிச்சிருக்காங்க."

சார் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

டீச்சர் மெதுவாகச் சொன்னார்கள். "எங்க உம்மா மேலப்பாளையத்துல பீடி சுத்தினவங்க சார். அவங்க உக்காந்து சுத்துற இடத்துக்கு ஆம்பளை ஒருத்தரும் வர முடியாது. அங்க போடுற விடுகதையை ஆம்பளை காதுல விழவும் விடமாட்டாங்க."

சாரின் காது சிவந்தது.

"அவதான் போனா" என்றார். "ரெண்டு வருஷம். மூத்தவளை இடுப்புல தூக்கிக்கிட்டுப் போவா. சேத்ததும் அவ, எழுதினதும் அவ. நான் திருத்தினேன். பத்திரிகையில முதல்ல வந்தப்ப ரெண்டு பேரு பேரும் இருந்துச்சு. அப்புறம் புத்தகமாப் போடும்போது... ஒரே பேரா இருந்தா நல்லா இருக்கும்னு பதிப்பகத்துல சொன்னாங்க. அதை வச்சுத்தான் எனக்கு உத்தியோக உயர்வே வந்துச்சு. மூணு பதிப்பு வந்திருச்சு டீச்சர். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை மேடையில அந்தப் புத்தகத்தைப் பத்தித்தான் பேசப் போறாங்க."

"ரெண்டு பேரையும் எடுத்து, நடுவுல ஒரு 'மற்றும்' போட்டு அச்சடிக்க நாலு வரிதான் வேணும் சார். வாங்க, இப்பவே எழுதிரலாம்."

"அச்சுல அவ பேரு முன்னால, என் பேரு பின்னால வந்தா, பாக்கிறவன் கேக்க மாட்டானா? புத்தகத்துல ஏன் ஒரு பேருதான் இருக்குன்னு?"

"கேப்பாங்க."

"முப்பது வருஷமா அவளே கேக்கல டீச்சர். ஒரு நாள் கேக்கல."

"இப்ப கேட்டிருக்காங்க."

சார் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். டீச்சர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, கீபோர்டுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெளியே உப்பு விற்கிற வண்டி கத்திக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டார்கள்.

நான் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். சாரின் விரல் தட்டுவது கேட்டது. நாலு வரிக்குத் தட்டுகிற சத்தம் எனக்குத் தெரியும். இது நாலு வரி இல்லை. ஒரு சொல்.

மறுபடி எல்லாம் ஓடியது. முந்நூற்றுப் பன்னிரண்டும் வந்தது. திரையின் அடியில் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரை மணிக்குக் குழல்வாய்மொழி அம்மா மாடிக்கு வந்தார்கள். சார் கண் மருந்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். அதைக் கொடுக்க வந்தவர்கள். ஒடிசலான உடம்பு. கையில் ஒரு துணிப்பை. வேறு யார் பேசினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார்கள்.

"வந்ததுதான் வந்தே, அச்சுக்குப் போறதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துரு குழலு. உன் கண்ணுக்குத் தப்பாது" என்றார் சார்.

அதை ஏன் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பழக்கத்தில் சொன்னாரோ, பார்க்கட்டும் என்றே சொன்னாரோ.

அம்மா நின்றபடியே தாளைப் புரட்டினார்கள். விரல் வரி வரியாக இறங்கியது. ஒன்பதாவது பக்கத்தில் விரல் நின்றது. நான் அடுப்பைக் குறைத்தேன். டீச்சர் தட்டுவதை நிறுத்தினார்கள். 

விரல் மறுபடி இறங்க ஆரம்பித்தது.

கடைசிப் பக்கம் வரை பார்த்தார்கள். பேனா வாங்கி, யாருடைய குறிப்பிலோ விட்டுப்போன ஒரு வருஷத்தை எழுதினார்கள். தாளைத் தட்டிச் சேர்த்து மேசையில் வைத்தார்கள்.

"வேற ஒண்ணும் விடுபடல" என்றார்கள். "மருந்தை மூணு மணிக்கு ஒரு சொட்டு விட்டுக்கோங்க. கண்ணைக் கசக்காதீங்க."

படியிறங்கிப் போனார்கள்.

சார் மூச்சை விட்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம் டீச்சரைப் பார்த்து, முதல் நாள் கேட்டது போலவே, மாணவன் மாதிரிக் கேட்டார்.

"அவ பாத்துட்டா. ஒண்ணும் சொல்லல. மெஷினும் ஒண்ணும் சொல்லல. அப்ப சரிதானே டீச்சர்?"

"ரெண்டும் இனிமே ஒண்ணும் சொல்லாது சார்" என்றார்கள் டீச்சர்.

சார் தட்டை நீட்டினார். நான் அடுக்கைக் காட்டினேன். எந்தப் பக்கம் கை போகும் என்று பார்த்தேன். மேலே இருந்ததைத்தான் எடுத்தார்.

அடித் தோசையை நான் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். பார்த்தால், இறங்கிப் போன குழல்வாய்மொழி அம்மா வீட்டுக்குப் போகவில்லை. கடைசிப் படியில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தோசையைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். என் பிள்ளையின் பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். அப்புறம் தெருவைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல என்னிடம் ஒன்று சொன்னார்கள். இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது. என்ன சொன்னார்கள் என்றால், "ஏ மாடத்தி, அந்த விடுகதையில ஒண்ணுக்கு மட்டும் நான் கடைசி வரைக்கும் விடையை எழுதவே..."

கீழே அத்தை கூப்பிடுகிறார்கள், பாப்பா முழித்துவிட்டாளாம், கல் வேறு காய்ந்து புகைகிறது, இதை இறக்கி வைத்துவிட்டு வந்து...